பெட்டிக்குள் தண்ணீர்ச் சத்தம்

கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஆளை விட்டுக் கழற்றிய பிறகும், இரண்டு சின்னப் போத்தல்களில் அடைத்து, ஐசுக்கு மேல் இருத்தி, மூடி, டேப் சுற்றி, லேபல் ஒட்டிய பிறகும், அவை உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று. உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் நான். இரண்டு தரம் படித்தவன். முதல் தரம் பெயில்.

யுத்தகாலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு விமானச் சரக்குக் கந்தோரில் கிளாக்காக இருந்தேன். கந்தோர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு சந்துக்குள் மாடிப்படி ஏறினால் மூன்று மேசை, தொலைநகல் அனுப்ப ஒரு பக்ஸ் மெஷின், சுவரில் மாதா படம், அதற்குக் கீழே உலகப் படம். பழுதாகிற சாமான்களை மட்டும்தான் அனுப்பினோம். அறக்குளா, சூரை, இறால், கால் கட்டிய உயிர் நண்டு, வெற்றிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய். எங்கள் சனம் எந்த நாட்டுக்கு ஓடியதோ அந்த நாட்டுக்கு அவர்களுக்குப் பின்னாலேயே முருங்கைக்காயும் ஓடியது. விசா கேட்காமல் உள்ளே விட்டது முருங்கைக்காயை மட்டும்தான்.

மீன் அனுப்புகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. தண்ணீர்ச் சத்தம். பெட்டியை மெல்லச் சரித்துக் காதை வைத்தால் உள்ளே சளக் என்று கேட்கக்கூடாது. கேட்டால் ஐஸ் கரைந்துவிட்டது, மீன் போய்விட்டது, ஒழுகுகிற பெட்டியை விமானக்காரன் தொடவும் மாட்டான். அதற்கு எங்களிடம் இருந்த கைமருந்து ட்ரை ஐஸ். வெள்ளை வெள்ளைக் கட்டி. கரைந்து தண்ணீராகாது, புகையாகிப் போய்விடும். வெறுங்கையால் தொட்டால் தோலை உரித்துவிடும். எந்தப் பெட்டியில் சந்தேகம் வந்தாலும் இன்னொரு பிடி போடு என்பதுதான் எங்கள் கந்தோரின் வேதம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

மாதத்தில் ஓரிரு தரம் மீனில்லாத பெட்டி ஒன்று வரும். எங்கள் நாட்டில் சிங்களச் சனம் சாகிறபோது கண்ணைத் தானம் செய்வார்கள். அவர்களுக்கு அது பெரிய புண்ணியம். அந்தக் கண்கள் விமானம் ஏறி, பெயர் தெரியாத ஊர்களில் பார்வையில்லாதவர்களுக்குப் போகும். கண்களைச் சேர்த்துவைக்கிற இடத்தில் பெட்டியை வாங்கி, கந்தோரின் வான் வண்டியில் மடியில் வைத்து, கட்டுநாயக்கா விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஒப்படைக்க வேண்டியது நான். ஏன் நான் என்றால், கந்தோரில் எல்லோரும் சந்தோசமாக மறுத்துவிட்டார்கள்.

பெட்டி சிறியது. வெள்ளை ரெஜிபோம். தொட்டால் கீச்சென்று கத்தும். முதல் நாள் கொழும்பிலிருந்து கட்டுநாயக்கா போய்ச் சேரும் மட்டும் நான் அதற்கு முன்னால் மூக்குக்கூட நோண்டவில்லை. முகம் துடைக்கிற லேஞ்சியை மேலே விரித்து மூடினேன். அவை பார்க்காமல் இருக்கத்தான். வான் ஓட்டிய அண்ணை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். கண்ணாடியில் செபமாலை தொங்கும். லேஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அதுக்குக் குளிருதா?" என்றார்.

சிரித்தேன். வெள்ளவத்தை லொட்ஜுக்குத் திரும்பியபின் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் படுக்கிற அறை. கடற்கரைப் பக்கம் ரயில் போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும். சுவரில் ஆணி அடித்த ஓட்டை இரண்டு, ஒரே உயரத்தில் இருந்தன. அதுவரை அதை நான் கவனித்ததில்லை. அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். பிறகு முதுகு கூசியது. எங்களைப் பார்ப்பதற்கு ஊரில் ஏற்கெனவே ஆட்கள் குறைவா? பொலிஸ் பதிவு, லொட்ஜ் பதிவு, தெருமுனைக்குத் தெருமுனை ஐசி என்கிற அடையாள அட்டை காட்டல். அதற்கு மேலே இதுவும்.

பெட்டியோடு வருகிற காகிதத்தில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, வயது. அவ்வளவுதான். அறுபது, எழுபது என்று வந்தால் நிம்மதி. ஆண், இருபத்திரண்டு என்று ஒரு நாள் வந்தது. நான் சொல்ல வந்தது அந்த நாளைப் பற்றி.

இருபத்திரண்டு வயது ஆண் பிள்ளை அந்தக் காலத்தில் எதனால் சாவான்? மோட்டார் சைக்கிளில் அடிபட்டிருக்கலாம். காய்ச்சலாகவும் இருக்கலாம். என் மூளை அந்தப் பக்கமெல்லாம் போகவில்லை. ஆமிதான் என்று முடிவுகட்டியது. ஆமி என்றால் வடக்கு. வடக்கு என்றால் அந்தக் கண் கடைசியாகக் கண்டது என்னைப் போல ஒருத்தனாக இருக்கலாம். அப்படியென்றால் என் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் என்னை அடையாளம் காணும். இப்படிப் போனது உயிரியல் படித்தவனின் மூளை.

பெட்டியைத் தந்த சிங்கள மிஸ் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஒவ்வொரு சொல்லாக, நான் செவிடன் என்பதுபோல. அன்றும் சொன்னார். ஐஸ் நாளைப் பின்னேரம் வரை தாங்கும். கரைந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீரும் ஐசும் கலந்து இருப்பதுதான் இதற்குச் சரியான குளிர். உள்ளே ஒன்றும் போட வேண்டாம், எடுக்க வேண்டாம். பிறகு, வழக்கமில்லாமல், இன்னொன்றும் சொன்னார். பெட்டி போகிற ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஏற்கெனவே படுத்திருக்கிறாள். முப்பத்தொரு வயது. நாளை மறுநாள் காலையில் ஒபரேஷன். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிறப்பதற்குள் பார்வை போய்விட்டது, அதன் முகத்தை அவள் இன்னும் காணவில்லை.

நான் எல்லாவற்றுக்கும் "யெஸ் மிஸ், யெஸ் மிஸ்" என்றேன். மீன்காரனுக்கு ஐஸ் பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு நக்கலும் இருந்தது.

நீர்கொழும்பு வீதியில் சோதனைச் சாவடி. வெயில் உச்சி. அண்ணை வானை மெதுவாக்கிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நீ வாயத் தொறக்காத. நான் கதைக்கிறேன்."

"ஓம் அண்ணை."

தோளில் துவக்கு மாட்டிய ஆமிப் பொடியன் ஒருத்தன் குனிந்து என் மடியைப் பார்த்தான். மீசை இப்போதுதான் முளைத்தமாதிரி. சிங்களத்தில் கேட்டான், "மொக்கத மேக்கே?" இதற்குள் என்ன? அண்ணை வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கண்ணுக்குச் சொல் இருந்தது. தானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருக்கவில்லை. ஆகவே ஒரு சொல்லோடு நிறுத்தினேன்.

"எஸ், மாத்தயா."

கண்கள், ஐயா. அவ்வளவுதான் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், வேர்த்து ஒழுகுகிறவன், மூடிக் கட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணை இரண்டு கண்ணையும் மூடி மாதாவைக் கூப்பிட்டார். பொடியன் இரண்டடி பின்னால் போனான். துவக்கு முன்னால் வந்தது.

கையைத் தூக்கு என்றான். தூக்கினேன். பெட்டி மடியிலிருந்து சரிந்தது. பெட்டியைப் பிடிக்கக் கையை இறக்கினேன். கையைத் தூக்கு என்று கத்தினான். தூக்கினேன். பெட்டி சரிந்தது. இந்தப் பயிற்சி மூன்று தரம் நடந்தது. கடைசியில் முழங்கால் இரண்டையும் உயர்த்தி, பெட்டியை நாடியால் அமத்திக்கொண்டு, கைகளை மேலே நீட்டியபடி இருந்தேன். அந்தக் கோலத்தில் செத்திருந்தால் வீட்டுக்கு என்னவென்று எழுதியிருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

"மல்லி, மல்லி, அவசரப்படாத," என்று அண்ணை சிங்களத்தில் தம்பி முறை சொல்லித் தொடங்கினார். "தானம் குடுத்த கண்ணு. எயார்போட்டுக்குப் போகுது. இந்தா பேப்பர். இவன் பயந்தாங்கொள்ளி, வேற ஒண்ணுமில்ல."

பொடியன் காகிதத்தை வாசித்தான். என் ஐசியை வாசித்தான். பெட்டியைப் பார்த்தான். யாழ்ப்பாணத்தான் மடியில் சிங்களவன் கண். இதற்கு அவனுக்கு ஒருவரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். சாவடிப் பெரியவர் வரவேண்டும், அதுவரை இறங்கி நில்லுங்கள் என்றான்.

பெரியவர் வேறெங்கோ போயிருந்தார். வானை ஓரங்கட்டினோம். மண்மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் என்னை இருத்தினார்கள். பெட்டியைப் பொடியன் தானே வாங்கி, தகரக் கூரைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்தான். வைத்துவிட்டு, இதை நான் என் கண்ணால் கண்டேன், தொப்பியைக் கழற்றினான். துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளினான். இரண்டு கையையும் கூப்பிப் பெட்டியைக் கும்பிட்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி என்னை முறைத்தான்.

ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். நிழல் நகர்ந்தது. வெயில் மேசைக் காலைப் பிடித்து ஏறத் தொடங்கியது. ஐஸ் கரைகிறது, அந்தப் பெண் படுத்திருக்கிறாள், ஐஸ் கரைகிறது. நான் எழும்பினேன். "இரு," என்றான். வெயிலைக் கையால் காட்டினேன். அவன் பார்த்தான், மேசையை இழுத்து உள்ளுக்குப் போட்டான். சாக்கு ஒன்றை நனைத்துப் பெட்டிக்கு மேல் விரித்தான். என் லேஞ்சியைவிட நல்ல வேலை.

பிறகு வாங்கின் மறுமுனையில் வந்து இருந்தான். அண்ணை நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"கண் குடுத்தவனுக்கு வயசு இருபத்தி ரெண்டாமே?"

"ஓம்."

"எனக்கும் அதுதான்." கொஞ்சம் யோசித்தான். "யாருக்குப் போகுது?"

வெளிநாட்டில் ஒரு பெண்ணுக்கு என்று சொன்னேன். பிள்ளையின் முகம் காணாத கதையையும் சொன்னேன். அவன் கேட்டான், அண்ணை என்னைப் பார்த்து அதைச் சொல்லும்போதே தலையை ஆட்டிச் சிரித்தார்:

"கேக்கிறான் தம்பி: செத்த பொடியன் கண்டதெல்லாம் அந்தப் பொம்பிளைக்கும் தெரியுமா எண்டு."

நாட்டில் இந்தக் கேள்வி தலைக்குள் இருந்த ஆள் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். பகிடியாக ஏதாவது சொல்ல வேண்டும், அது என் வியாதி. "நல்லதுகள் மட்டும் தெரியுமாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. மிச்சத்தைக் கழுவித்தான் அனுப்புறவை."

அண்ணை சொன்னார். பொடியன் சிரிப்பான் என்று பார்த்தேன். நிம்மதிப்பட்டவன்போலத் தலையாட்டினான். தானும் கண்தானப் பத்திரம் நிரப்பிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அடுத்த கிழமை வடக்குக்கு மாற்றம். "அப்ப என்னையும் இந்த அய்யேதான் கொண்டுபோவார்," என்று என்னைக் காட்டினான். என்னை அய்யே, அண்ணன், என்று அவன் சொன்னது அப்போதுதான்.

பெரியவர் வந்தார். இரண்டு நிமிடத்தில் காகிதம் பார்த்துப் போகச் சொன்னார். பொடியன் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திவந்து என் மடியில் வைத்தான். "பரிஸ்ஸமின்," என்றான். கவனமாய்.

வான் புறப்பட்டுக் குழியொன்றில் விழுந்து எழும்பியது. உள்ளே சளக் என்றது.

"அண்ணை! கேட்டதே?"

"என்னத்த?"

"தண்ணி! தண்ணிச் சத்தம்! போச்சுது அண்ணை, எல்லாம் போச்சுது!"

"அந்த மிஸ் தண்ணி நிண்டா பரவாயில்லன்னுதானே சொன்னதாச் சொன்ன?"

"அவ கந்தோரில குந்தியிருந்து சொல்லுவா. வெயிலில ரெண்டு மணித்தியாலம் நிக்கும் எண்டு அவவுக்குத் தெரியுமே? ஷெட்டுக்கு விடுங்கோ, ஷெட்டுக்கு விடுங்கோ!"

விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் மீன் பொதி செய்கிற ஷெட் இருந்தது. அன்றைய மீன் போய்விட்டது, ஷெட்டில் ஆளில்லை. ட்ரை ஐஸ் பெட்டி மூலையில் புகைந்துகொண்டிருந்தது. மீன்காரரின் தடித்த கையுறையை மாட்டினேன். பெட்டியின் டேப்பை வெட்டினேன். அந்த இடத்தில்தான் என் உயிரியல் கைகொடுத்தது. மூடியைத் திறந்தால் அவை என்னைப் பார்க்கும். நானும் அவற்றைப் பார்க்க வேண்டிவரும். இருபத்திரண்டு வயது.

"அண்ணை, நீங்கள் மூடியைத் தூக்குங்கோ. நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போடுறன்."

அண்ணை மூடியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அது மீன் இல்ல."

"தெரியும் அண்ணை. மீனெண்டால் நான் இப்பிடிப் பயப்படுவனே?"

கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒரு பிடி போட்டேன். குளிர்ந்த புகை மணிக்கட்டைத் தடவியது. யாரோ பிடித்ததுபோல இருந்தது. பயத்தில் இன்னொரு பிடியும் போட்டேன். மூடினோம், புது டேப் சுற்றினேன். பெட்டியைச் சரித்துக் காதை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. என் நெஞ்சு ஆறியது. சரக்குப் பகுதியில் நேரத்துக்கு ஒப்படைத்தோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபலில் உறையவிட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த லேபலை ஒவ்வொரு தரமும் ஒட்டுபவன் நான்தான். ஒட்டுகிறவன் வாசிப்பதில்லை.

மூன்றாம் நாள் பக்ஸ் வந்தது. திசுக்கள் உறைந்த நிலையில் கிடைத்தன, பயன்படாது, சத்திரசிகிச்சை ரத்து.

கந்தோரில் முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார். "செக் பொயின்ற்றில மறிச்சு வெயிலில வைச்சிட்டாங்கள் சேர்," என்றேன். எல்லோரும் "சே" என்றார்கள். வெயிலில் வைத்த பெட்டி எப்படி உறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மிஸ் மட்டும் தொலைபேசியில் கேட்டார். அவருக்கு வேறு கதை: விமானத்தில் மேலே நல்ல குளிர் மிஸ், அங்கே உறைந்திருக்கும். தமிழருக்கு வெயில், சிங்களவருக்குக் குளிர் என்று ஆளுக்கேற்ற பொய். "அப்படியும் இருக்கலாம்," என்று மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டார். அண்ணை அந்த வேளை மாடிப்படியில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தை ஒருதரம் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

வெள்ளவத்தையில் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. லொட்ஜில் இருந்தவர்கள் என்னைச் சுற்றி இருந்து கேட்டார்கள். ஒரு கிழமைக்குள் ஆமிக்காரன் பெட்டியை உடைத்தான் என்றானது. பிறகு துவக்கு முனையால் கண்ணைக் குத்திப் பார்த்தான் என்றானது. சாப்பாட்டுக் கடையில் எனக்குத் தெரியாத ஒருவர் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார். "மிருகங்கள்," என்றார். நான் தோசையைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்ட பொடியனை இப்படி மிருகமாக்கியது நான். அதற்கு நான் பொய்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. ஓம் என்று மட்டும்தான் சொன்னேன்.

சாவடியில் பிறகு வேறு முகங்கள். அந்தப் பொடியனைப் பற்றி அண்ணை ஒருநாள் விசாரித்தார். மாற்றலாகிப் போய்விட்டான் என்றார்கள். அதன்பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் நான் முதலில் பார்ப்பது வயதை. அறுபத்தெட்டு. ஐம்பத்தொன்று. ஒருதரம் இருபத்து மூன்று என்று வந்தது. அன்று லேஞ்சி போடவில்லை. கட்டுநாயக்கா போய்ச் சேரும் மட்டும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். இதுதான் அவனா என்று எனக்குத் தெரியாது, தெரியவரவும் வழியில்லை. பெட்டி குழியில் விழுந்து சளக் என்றது. அண்ணை கண்ணாடியால் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

இப்போது ஐம்பது கடந்துவிட்டது. பகிடிக்காரன் என்று பெயர். கலியாண வீடுகளில் என் பக்கத்தில் இருக்க அடிபடுவார்கள். யாராவது ஐஸ் போட்ட கிளாசைக் குலுக்கினால் மட்டும் எழும்பிப் போய்விடுவேன். சலம் கழிக்கப் போகிறான் என்று நினைப்பார்கள்.

அந்தக் கந்தோர் வேலையை நான் விட்டு வந்த அன்று அண்ணை என்னைக் கொட்டாஞ்சேனைச் சந்தி வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது சொன்னார்:

"அண்டைக்கு மூடியத் தூக்கினேனே தம்பி. உள்ள ஐஸ் நெறையக் கிடந்துச்சு. தண்ணி அடியில கொஞ்சம்தான்."

"ஏன் அண்ணை அப்பவே சொல்லேல்லை?"

"ஐஸ் விசயம் உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ பாப்பாய்னு நெனச்சேன்."

நடந்தது இவ்வளவுதான். சாவடியில் பெட்டி ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் நிழலில், ஈரச் சாக்குக்குக் கீழே இருந்தது. அதனால் ஒன்றும் பழுதாகவில்லை. ட்ரை ஐஸை நான் போட்டேன், இரண்டு பிடி, கண்ணை மூடிக்கொண்டு. போத்தல்கள் உறைந்தன. அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள்.